மாதுளை கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

மாடிப்படி:
எல்லாருக்கும் வணக்கம். வாசல் பக்கம் சிவப்பா பூக்கிற செடி ஒண்ணு வேணும்னு தேடினப்போ மாதுளையே வெச்சுட்டேன். கண்ணுக்குப் பூ, வாய்க்குப் பழம், தோல் மருந்துக்கு ஆகும்னு ஒரே கல்லுல மூணு மாங்கா கணக்கு. செடி இடுப்பைத் தாண்டி வளர்ந்துடுச்சு. பூவுக்குக் குறைச்சலே இல்ல. ஆனா விரிஞ்ச சில நாள்லயே காம்போட கீழ விழுந்துடுது. பிஞ்சுனு ஒண்ணைக் கண்ணால பார்த்ததில்ல. தரையில்தான் இருக்கு, தொட்டி இல்ல. வெயில் காலையில் மட்டும் படும். மாட்டெரு போடறேன், நடுவுல யூரியாவும் கொஞ்சம் போட்டேன். எங்க தப்பு?

தேன்சிட்டு:
யூரியாவை முதல்ல நிறுத்துங்க. மீதியை வேரடி வந்து சொல்லுவார், இது அவர் பேட்டை.

வேரடி:
பேட்டையெல்லாம் இல்லை, நானும் உதிர்ந்த பூவைப் பொறுக்கினவன்தான்.

மாடிப்படி, மருந்தடிக்க ஓடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கீழே விழுந்த பூக்களில் ஒரு கை எடுத்து, பிளேடால் காம்பிலிருந்து நுனிவரை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மாதுளையில் ஒரே செடியில் இரண்டு விதப் பூ வரும். ஒன்றுக்கு அடி பருத்து, குடம் போல இருக்கும். பிளந்தால் அடியில் சூலறை தடித்து, உள்ளே வெளிர்நிறத்தில் சூல்கள் நெருக்கமாக ஒட்டியிருப்பது தெரியும். சூல்தண்டு நீளமாக வளர்ந்து அதன் முடி மகரந்தப்பைகளின் மட்டத்திலோ அதற்கு மேலோ நிற்கும். இதுதான் காயாக மாறக்கூடியது. இன்னொன்றுக்கு அடி ஒடுங்கி, மணி போல இருக்கும். பிளந்தால் சூல்தண்டு குட்டையாக மகரந்தத் தாள்களுக்குள்ளே புதைந்து கிடக்கும், சூலறை பேருக்குத்தான். இது ஆண் பூ வேலையை மட்டும் பார்க்கும். மகரந்தம் கொடுத்துவிட்டு உதிர்ந்துவிடும். அது நோயுமில்லை, உங்கள் குற்றமுமில்லை.

பெரும்பாலான செடிகளில் பாதிக்கு மேல் மணிப் பூக்கள்தான். ஆனால் அந்த விகிதம் ரகத்துக்கு ரகம், பருவத்துக்குப் பருவம் மாறும். செடி தெம்பாக இருந்து, நல்ல வெயில் கிடைத்தால் குடப் பூ கூடும். நிழலில் இருந்தால் குறையும். அதனால் உங்கள் செடியில் எனக்கு முதல் சந்தேகம் வெயில் மேல். ஒரு நாளைக்கு குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். இரண்டாவது சந்தேகம் யூரியா. பூக்கிற நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் செடி இலையையும் நீர்ப்போத்தையும் (வீரியமாக நிமிர்ந்து வளர்கிற, காய்க்காத கிளை) வளர்க்கப் போய்விடும், இருக்கிற நல்ல பூவையும் உதறிவிடும்.

மாதுளை தன் மகரந்தத்திலேயே காய்க்கும், துணைக்கு இன்னொரு செடி கட்டாயமில்லை. ஆனால் தேனீ வந்து போனால் காய்ப்பிடிப்பு கூடும். தேனீ வராத இடமென்றால் மெல்லிய தூரிகையால் மணிப் பூவின் மஞ்சள் தூளைத் தொட்டு, குடப் பூவின் சூல்முடியில் தடவலாம். காலையில் செய்யுங்கள்.

மாடிப்படி:
பிளந்து பார்த்தேன்! அப்படியே நீங்க சொன்னது. விழுந்ததில் ஏறக்குறைய எல்லாமே மணி. செடியில இன்னும் தொங்கறதைக் கவனிச்சா, கிளை நுனியில மூணு நாலு பூ சேர்ந்து வர்ற இடத்துல நடுப்பூ மட்டும் அடி பருத்து இருக்கு. அதுவா குடம்?

வேரடி:
அதேதான். கொத்தில் நுனிப் பூ பெரிதாகவும் குடமாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துப் பூக்கள் பெரும்பாலும் மணி. தூரிகை எடுத்தால் நுனிப் பூவுக்குப் போங்கள்.

கரிசல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் செடியில் குடமும் இல்லை, மணியும் இல்லை. பூ கைப்பிடி அளவு, உள்ளே முழுக்க கசங்கின இதழ், அடுக்கடுக்காக. மஞ்சள் தூளே கண்ணில் படவில்லை. நர்சரியில் பழ மாதுளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கொஞ்சம் பொறு, மரம் முதிரட்டும் என்று ஆளாளுக்கு உபதேசம்.

வேரடி:
பொறுத்துப் பயனில்லை. அது அடுக்கு மாதுளை. மகரந்தத் தாள்களெல்லாம் இதழ்களாக மாறின ரகம், அழகுக்காகவே வளர்ப்பது. காய் எதிர்பார்க்காதீர்கள். செம்மஞ்சள் இதழில் வெண்ணெய் நிற ஓரம் போட்ட அடுக்கு ரகமும் இருக்கிறது, மேடம் லெக்ரெல் என்று பெயர். பார்க்க அபாரம், பறிக்க ஒன்றுமில்லை. பூ இல்லாத சமயத்தில் வாங்கினால் இலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பூவோடு இருக்கும்போது வாங்குவதுதான் பாதுகாப்பு.

கரிசல்:
அப்போ வெட்டிப் போட்டுவிடவா?

தேன்சிட்டு:
ஐயோ வேண்டாம். பூ உதிர்ந்து காய்க்கலையேனு ஏங்கறவங்க நடுவுல, காய்க்காமலே பூத்துக் கொட்டுற செடி வரம். ஒற்றை இதழ்ச் செடி ஒண்ணைப் பக்கத்துல வைங்க.

நிழல்வலை:
எனக்குத் தரையே கிடையாது, பால்கனிதான். தொட்டியில் வருமா? குட்டை மாதுளை என்று ஒன்று சொல்கிறார்களே?

வேரடி:
'நானா' (Nana) என்று பெயர் கொண்ட ரகம் அது. சுமார் ஒரு மீட்டரோடு நின்றுவிடும், இலையும் பூவும் காயும் எல்லாமே சின்னது. விதையிலிருந்தே வளர்க்கலாம், சீக்கிரம் பூக்கும். பழம் எலுமிச்சைக்குப் பக்கத்து அளவில், புளிப்பாக, விதை தூக்கலாக இருக்கும். சாப்பிடுவதற்கென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வருஷத்தில் பல மாதம் பூவும் காயும் சேர்ந்தே தொங்கும், பால்கனிக்கு இதைவிட என்ன வேண்டும். பழம்தான் வேண்டுமென்றால் சாதாரண ரகத்தையே குறைந்தது நாற்பது ஐம்பது லிட்டர் தொட்டியில் வைக்கலாம். வடிகால் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதுளை வறட்சியைத் தாங்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும், வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது.

கரிசல்:
கவாத்து பற்றி யாரும் பேசவில்லையே. ஒற்றைத் தண்டாக விட்டு மரமாக்குவதுதான் சரி என்பேன். அடியில் வருகிற போத்தெல்லாம் சாப்பாட்டுக்குப் பங்காளி.

வேரடி:
இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மாதுளை இயல்பிலேயே புதர். ஒற்றைத் தண்டில் விட்டு, அந்தத் தண்டில் துளைப்பான் புழு விழுந்தாலோ கடுங்குளிர் கருக்கினாலோ செடியே போச்சு. மூன்று முதல் ஐந்து தண்டு விட்டால் ஒன்று போனாலும் மற்றது காய்க்கும். மேற்கொண்டு வருகிற போத்துகளை அடியோடு எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

கரிசல்:
ஒற்றைத் தண்டு வாசலில் நிற்கிற லட்சணமே வேறு. அடியில் கூட்டிப் பெருக்க இடம் இருக்கும். அழகுச் செடி என்றுதானே மாடிப்படி ஆரம்பித்தார்?

வேரடி:
அழகுக்கு என்றால் உங்கள் கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆனால் இந்த இழையில் திரும்பத் திரும்ப வருகிற சிக்கலே இதுதான், அதனால் சொல்லிவிடுகிறேன். அழகுக்கு என்று எண்ணி மாதுளையை வேலி மாதிரி நாலு பக்கமும் சமமாகக் கத்தரிக்கிறார்கள். பூ வருவது கிளை நுனியிலும், முந்தின வருஷத்துக் கிளையிலிருந்து புறப்படுகிற குட்டைச் சிம்புகளிலும். நுனியை எல்லாம் வெட்டி ஒழுங்குபடுத்தினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. பூவே இல்லாத பிறகு பழம் எங்கே? கத்தரி போடுவதானால் ஓய்வுக் காலத்தில், உள்பக்கம் குறுக்கே போகிற கிளை, காய்ந்த கிளை, நீர்ப்போத்து, இவ்வளவையும் அடியோடு எடுங்கள். நடுவில் வெயில் இறங்க வேண்டும். வெளி நுனிகளைத் தொடாதீர்கள். அப்படி விட்ட புதர் கொஞ்சம் கலைந்துதான் தெரியும். எனக்கு அந்தக் கலைசலே அழகு.

பனிமூட்டம்:
குளிர்ப் பிரதேசத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே குளிர்காலத்தில் எல்லா இலையும் மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது. செத்துவிட்டதா என்று சுரண்டிப் பார்த்தால் பட்டைக்கடியில் பச்சை இருக்கிறது. பழம் மட்டும் பழுப்பதற்குள் கோடை முடிந்துவிடுகிறது.

வேரடி:
சாகவில்லை, உறங்குகிறது. ஓய்வில் இருக்கிற நன்றாக வேர்விட்ட செடி சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். உங்கள் சிக்கல் கோடையின் நீளம். பூத்ததிலிருந்து பழம் முதிர ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும், அதிலும் சூடு வேண்டும். தொட்டியில் வைத்து, தெற்கே பார்த்த சுவரோரம் நிறுத்திப் பாருங்கள். சீக்கிரம் முதிர்கிற ரகமாகத் தேடுங்கள். ஒன்றும் பலிக்கவில்லையென்றால் உங்களுக்கு அது பூச்செடி, அவ்வளவுதான்.

நிழல்வலை:
ஒரு துணுக்கு: மருதாணியும் மாதுளையும் ஒரே தாவரக் குடும்பம் என்று படித்தேன். மாதுளைக்கு முன்பு தனிக் குடும்பமே வைத்திருந்தார்களாம். அதே பேரினத்தில் உலகத்தில் இன்னும் ஒரே ஒரு இனம்தான், அது ஏமன் நாட்டின் சொகோத்ரா தீவில்.

தேன்சிட்டு:
தெரியாத சேதி! சரி, என் கேள்வி. என் செடியில் காய் நிக்குது, ஆனா பழுக்கற நேரத்துல வெடிச்சுப் பிளந்துடுது. உள்ள முத்து எறும்புக்குத்தான்.

கரிசல்:
தண்ணீர். வேறொன்றும் இல்லை. காயவிட்டுக் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றுவீர்கள்.

வேரடி:
கரிசல் சொன்னதே முதல் காரணம். வறண்டு கிடந்த செடியில் தோல் இறுகிவிடும். திடீரென்று தண்ணீரோ மழையோ கிடைத்ததும் உள்ளே முத்து ஊதும், தோல் ஈடுகொடுக்காமல் பிளக்கும். காய் பிடித்ததிலிருந்து பறிக்கிற வரை மண் ஒரே சீரான ஈரத்தில் இருக்கட்டும். அடியில் காய்ந்த இலைச் சருகை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். போரான், சுண்ணாம்புச்சத்துக் குறைவாலும் வெடிக்கும். ஆனால் போரானைக் கண்மூடித்தனமாகப் போடாதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மண்ணைச் சோதித்த பிறகு பார்க்கலாம்.

வெடிப்பைச் சுற்றி எண்ணெய் பட்டதுபோல கரும்புள்ளி, இலையிலும் மஞ்சள் வளையம் போட்ட புள்ளி என்றால் அது வேறு சங்கதி, பாக்டீரியா கருகல். நோயுள்ள செடியிலிருந்து எடுத்த குச்சி வழியாகவும் மழைச் சாரலிலும் பரவும். பாதித்த கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடையுங்கள்.

தேன்சிட்டு:
புள்ளி இல்ல. ஆனா சில காயில சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்பா ஏதோ வழிஞ்சு நாத்தம்.

வேரடி:
காய்த் துளைப்பான். ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. பூவின் புல்லிவட்டத்திலும் இளங்காயிலும் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும், புழு உள்ளே போனபின் எந்த மருந்தும் எட்டாது. காய் எலுமிச்சை அளவு வரும்போதே மெல்லிய துணிப்பையோ காகிதப்பையோ கட்டிவிடுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. துளை விழுந்த காயைப் பறித்து அழியுங்கள், செடியடியில் போட்டு வைக்காதீர்கள்.

கலுவம்:
தோல் மருந்துக்கு ஆகும் என்று முதலில் சொல்லியிருந்தார் மாடிப்படி. அது அப்படியே நின்றுவிட்டது. மாதுளையில் தோல், பூ, பிஞ்சு, விதை, வேர்ப்பட்டை எல்லாமே மருத்துவத்தில் இடம்பெற்றவை. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் பழத்தோல் துவர்ப்புச் சரக்கு, கழிச்சலைக் கட்டுப்படுத்தக் கொடுப்பது.

சுவரொட்டி:
எல்லோரும் தினமும் தோல் பொடி ஒரு ஸ்பூன் வெந்நீரில் குடியுங்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஓடிவிடும். ரத்தம் ஊறும். [இந்த வரி நெறியாளரால் நீக்கப்பட்டது]

கலுவம்:
தம்பி, அப்படி எழுதாதீர்கள். யாராவது நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தோலின் துவர்ப்புக்குக் காரணம் டானின். கழிச்சலுக்கு உதவுகிற அதே குணம், தினமும் சாப்பிட்டால் மலச்சிக்கலில் கொண்டுவிடும். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் டானின் தடுக்கும். ரத்தம் ஊறும் என்று சொல்லிக்கொண்டே இரும்பைத் தடுக்கிறீர்கள்.

நிழல்வலை:
பழத்திலும் இரும்பு பெரிதாக இல்லை. 100 கிராம் முத்தில் சுமார் 0.3 மில்லிகிராம்தான். சிவப்பாக இருப்பதால் வந்த நம்பிக்கை போலும். அதே 100 கிராமில் நார்ச்சத்து 4 கிராம், வைட்டமின் சி 10 மில்லிகிராம், பொட்டாசியம் 236 மில்லிகிராம். சர்க்கரையும் 13 கிராமுக்கு மேல். சாறு பிழிந்து வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை தங்கிவிடும்.

சுவரொட்டி:
ரத்த அழுத்தத்துக்கு ஆராய்ச்சியே இருக்கிறது.

கலுவம்:
இருக்கிறது, மறுக்கவில்லை. சாறு தொடர்ந்து குடித்தவர்களுக்கு அழுத்தம் ஓரளவு இறங்கியதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. இறங்குவது கொஞ்சம்தான், மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்தோ எடுப்பவர்கள், தினமும் சாறு குடிக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பழமாக ஆசைக்குச் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். வேர்ப்பட்டை, தண்டுப்பட்டை பக்கம் யாரும் கைவைத்தியமாகப் போகாதீர்கள். நாடாப்புழுவுக்கு அது பழங்காலத்திலிருந்தே மருந்து. எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே மாதுளை வேர் வருகிறது. வேலை செய்வது பெலட்டியரின் என்ற ஆல்கலாய்டு (தாவர வேதிப்பொருள்), 1878இல் பிரித்தெடுத்தார்கள். அளவு மீறினால் வாந்தி, தலைச்சுற்றல், பார்வைக் கோளாறு. புழுவுக்கு இப்போது பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன.

நெறியாளர்:
சுவரொட்டி, "மாத்திரையே தேவையில்லை" என்ற வரியை நீக்கியிருக்கிறேன், மேற்கோளில் வந்ததையும் சேர்த்து. விவாதம் தொடரலாம்.

கரிசல்:
தோல் பற்றிப் பேசுவதால் ஒரு கிளைக்கதை. இரும்புச் சட்டியில் தோலைக் கொதிக்க வைத்துவிடாதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்து தண்ணீர் மை மாதிரி கறுத்துவிடும். துணியில் பட்டால் கறை போகாது. அப்புறம்தான் தெரிந்தது, சாயம் போடவும் தோல் பதனிடவும் இதையே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று.

மாடிப்படி:
(பல வாரம் கழிச்சு வர்றேன்.) மறைச்சுக்கிட்டிருந்த கொடியை வெட்டிட்டேன், இப்போ மத்தியானம் தாண்டியும் வெயில். யூரியா கிட்டயே போகல. தூரிகை வேலையும் பார்த்தேன். பிஞ்சு நிக்குது! ஒரு கொத்துல மூணு ஒட்டிக்கிட்டு இருக்கு. விடவா, கிள்ளவா? அப்புறம் எப்ப பறிக்கணும்? கடையில வாங்கற மாதிரி செக்கச்செவேல்னு ஆகணுமா?

வேரடி:
வாழ்த்துகள். கொத்துக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற காய்களுக்கு நடுவில்தான் மாவுப்பூச்சியும் துளைப்பானும் குடியேறும். இளஞ்செடிக்கு மொத்தமாகவே சில காய்கள் போதும், இல்லாவிட்டால் கிளை தரையைத் தொடும்.

நிறத்தை நம்பாதீர்கள். சில ரகங்கள் பழுத்த பிறகும் வெளிர்மஞ்சளாகவே இருக்கும். உருண்டையாக இருந்த காய் பக்கங்களில் லேசாகத் தட்டையாகி முனை கட்டும், தோலின் பளபளப்பு மங்கும், விரலால் சுண்டினால் கணீரென்ற ஓசை வரும். அவசரப்பட்டுப் பறித்தால் புளிப்போடு சாப்பிட வேண்டியதுதான், பறித்தபின் மாதுளை பழுக்காது. பிந்தினால் வெடிக்கும். வெளியே குறையில்லாமல் இருந்து, கையில் எடுத்தால் அளவுக்குக் கனமில்லாத பழமென்றால் உள்ளே கறுத்து அழுகியிருக்கலாம், பூ வழியாக நுழைகிற பூஞ்சை வேலை அது. அறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பனிமூட்டம்:
பழம் வாங்கித்தான் சாப்பிடுகிறேன், விதையைப் போட்டால் அதே ரகம் வருமா?

வேரடி:
முளைக்கும், அதே ரகம் வராது. ஓய்வுக் காலத்தில் பென்சில் கனத்தில் முற்றிய குச்சியாக ஒரு சாண் நீளம் வெட்டி, மேலே ஓரிரு கணு தெரியும்படி நட்டுவிடுங்கள். தலைகீழாக நடாமல் இருக்க அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டுவது நல்லது. நோயில்லாத, உங்கள் கண் முன்னால் நல்ல காய் காய்த்த செடியிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள்.

கரிசல்:
மாடிப்படி, பறிக்கும்போது திருகி இழுக்காதீர்கள், காம்படியில் தோல் கிழிந்து அங்கிருந்தே அழுகும். காம்பு ஒட்ட கத்தரியால் நறுக்குங்கள். முத்து உதிர்க்க ஒரு பாத்திரம் நிறைய தண்ணீர் வைத்து, அதற்குள்ளேயே பழத்தைப் பிரியுங்கள். முத்து அடியில் தங்கும், வெள்ளைச் சவ்வு மிதக்கும், சட்டையில் கறை படாது. மற்றபடி கவாத்தில் வெட்டுகிற குச்சி ஒன்று எனக்கு அனுப்பி வையுங்கள், என் அடுக்குச் செடிக்குத் துணை வேண்டும்.

மாடிப்படி:
ஓய்வுக் காலம் வரட்டும் அண்ணா, உங்களுக்கு ஒண்ணு, பால்கனிக்காரருக்கு ஒண்ணு. காய்க்குத் துணிப்பை தைக்கறேன் இப்போ.